ஒரு சதுர மீட்டர்

நான் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய இரவே
போஜெனா வீட்டைக் கழுவிவிட்டாள்.
தரையெங்கும் வினிகர் வாசம்.
நேலாவின் மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போய்ப்
பிரம்பால் அடித்து, பனியில் புரட்டி,
அடுப்போரம் காயவைத்து உறை மாற்றி
மூலைகளை மடித்துச் செருகியிருந்தாள்
ராணுவக் கட்டில்போல.

வ்ரோட்ஸ்வாஃபிலிருந்து ஆள் வரும்போது
தூசையா காட்டுவது?

நான் வந்ததே தூசுக்கு.

இரண்டு நிமிடம். ஒரு சதுர மீட்டர்.
உறிஞ்சும் குழாயின் வாயில் நைலான் உறை.
ஓடி முடிந்ததும் பிரித்துப் பார்த்தேன்:
வெள்ளை வெளேரென்று இருந்தது,
உள்ளே பொன்னிறத்தில் ஒரே ஒரு முடி.
தேர்வில் தேறியவள்போலச் சிரித்தாள் போஜெனா.
எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு கேள்வித்தாள்.
முதல் வருடத்தில் குழந்தை மாட்டுத் தொழுவத்துக்குள் போனதுண்டா?
"எந்தக் குழந்தை?" என்றாள்.

கிராட்சியனுக்குப் பதினொன்று.
அவனைக் கூடையோடு வைக்கோலில் வைத்துவிட்டுத்தான்
பால் கறந்திருக்கிறாள்.
மாலினா என்ற பசு அவன் தொப்பியை நக்கி நக்கி
ஒருநாள் பாதியைத் தின்றும்விட்டது.
மிளகு தூவினால் ஒழிய அவனுக்குத் தும்மல் இல்லை.

நேலாவுக்கு நான்கு.
அவள் பிறப்பதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில்
பால் வாங்குகிறவர்கள் குளிர்த்தொட்டி வேண்டுமென்றார்கள்.
எட்டு மாடு இருந்தால் தொட்டி கட்டுப்படியாகும்.
இருந்தது நான்கு.
லாரி வந்தது.
இப்போது தொழுவத்தில் கார் நிற்கிறது.
இரவில் நேலாவுக்கு இழுத்தால்
நாற்பது நிமிடத்தில் மருத்துவமனை போய்ச் சேரும் கார்,
மாடு விற்ற காசில் வாங்கியது.

ஒரே வயிறு, ஒரே கிணறு, ஒரே ரொட்டி.
நடுவே ஏழு வருடம்.

என் வேலையில் இப்படிப் பேசக் கூடாது.
இரண்டு பிள்ளைகள் என்பது கதை, கணக்கு அல்ல.
ஆயிரத்து முந்நூறு மெத்தைகளைப் பெருக்கி எடுத்த பின்
ஒரு கோடு சற்றே சாய்கிறதா என்று பார்ப்போம்.
சாய்ந்தாலும் ஏன் என்று இன்னும் பத்து வருடம்
சண்டை போடுவோம்.

கசகசா கேக்கை வெட்டி வைத்தபடி கேட்டேவிட்டாள்:
"ஒரு மாடு வாங்கிவிடட்டுமா?"

வாயில் கேக் இருந்தது நல்லதாயிற்று.
வந்துவிட்ட இழுப்புக்கு மாடு மருந்தில்லை என்றேன்.
சில பிள்ளைகளுக்கு அதுவே வினையாகும் என்றேன்.
காலை மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே என்றேன்.
அப்புறம், "தெரியவில்லை."
அந்தச் சொல்லுக்கு என் தாளில் ஒரு கட்டம் உண்டு.
அது பதில் சொல்கிறவர்களுக்கு.

வெளியே வந்தபோது காருக்குப் பின்னால்
ஓர் ஆணியில் தொங்கியது கறவைச் சட்டை.
என் கண் போன திசை பார்த்துப் போஜெனா
கழுத்துவரை சிவந்தாள்.
"அதை மட்டும் துவைக்கவில்லை."

ஏன் என்று கேட்கவில்லை. தாளிலும் அந்தக் கேள்வி இல்லை.
முழங்கையில் சாணம் பொருக்காய் உலர்ந்திருந்தது.
பைக்குள் வைக்கோல் துணுக்கு.
மாலினாவின் விலாவில் நெற்றி சாய்க்கையில்
தேய்ந்து தேய்ந்து வழவழத்த தோள்பட்டை.

குழாயை மறுபடி மாட்டினேன்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை,
உறை பழுப்பேறிக் கனத்தது.
விதிப்படி மெத்தை என்றால் மெத்தை,
சட்டைக்கு எண் கிடையாது.
பென்சிலால் "சட்டை" என்று எழுதி
ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தேன்.
மைனஸ் இருபது பாகையில் அது கிடக்கும்.
எந்த அட்டவணையும் அதைக் கேட்டு வராது.

வண்டியைத் திருப்பும்போது சமையலறை ஜன்னலில்
நேலா தெரிந்தாள்,
மருந்துக் குழாயின் முகமூடியை மூக்கில் அழுத்தியபடி
உள்ளிருந்தே மூச்சுகளை எண்ணிக்கொண்டு:
நான்கு, ஐந்து, ஆறு, எட்டு.
கிராட்சியன் ஏதோ திருத்தினான்.
முறைத்துவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.